ஒரே கைக்குப் பழகிய குட்டி

படகின் அடிப்பலகை ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் படகுக்காரர் வந்தார். இயக்குநர் அறைக் கதவு திறந்திருந்தது, இயக்குநரும் உள்ளேதான் இருந்தார். படகுக்காரர் வாசலில் நின்று ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அப்படியே நடந்து, பின்கதவைத் திறந்து, வளாகத்துக்குள்ளேயே இருக்கிற ஐயா வீட்டுக்குப் போனார். "பழைய பலகை ஒண்ணு கொட்டகையில் கிடக்கும், பாரு" என்றார் ஐயா. விஷயம் அதோடு முடிந்தது.

அன்று நான் கணக்கு பார்க்கப் போயிருந்தேன். தலைமை மாறி 9 நாள் ஆகியிருந்தது. தீர்மானம் போட்டாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று, வங்கிக்குக் கடிதமும் கொடுத்தாயிற்று. எல்லாம் நல்லபடியாகக் கைமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொருளாளர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

பறவைகளுக்காக ஒரு கணவனும் மனைவியும் ஆரம்பித்த சின்ன அறக்கட்டளை அது. பெயர் வேண்டாம். ஒரு ஏரி, அதைச் சுற்றிக் கொஞ்சம் சதுப்பு நிலம், 11 பேர் வேலை. 30 வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு பேர்தான் எல்லாம். சில மாதங்களில் பணப்பெட்டியும் அவர்களே. ஐயாவுக்கு முழங்கால் போயிற்று, அம்மாவுக்கு இரவில் கண் சரியாகத் தெரியவில்லை. "இனிமேல் வேறு யாராவது பார்த்துக்கட்டும்" என்று அவர்களே சொன்னார்கள். அது பெரிய விஷயம். பல இடங்களில் அந்த வார்த்தை வருவதற்குள் ஆளே போய்விடுகிறார்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இதில் விருப்பமில்லை. சின்ன வயதில் எல்லா விடுமுறையும் அந்த ஏரிக்கரையிலேயே கழிந்ததாம், போதும் என்றார்கள். 15 வருடம் களத்தில் வேலை செய்த ஒருவரை இயக்குநராக்கினோம். படகுக்காரர் முதல் கணக்கு எழுதும் பையன் வரை எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இயக்குநர் ஆனதும் சிலர் 'மேடம்' என்று ஆரம்பித்து, பாதியில் நாக்குப் புரண்டு 'அக்கா மேடம்' என்று முடித்தார்கள். நான் வயதில் மூத்தவன் என்றாலும் இந்தக் கட்டுரையில் அக்கா என்றே எழுதுகிறேன்.

படகுக்காரர் செய்ததை அக்காவிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "யானைக்குட்டி கதை தெரியுமா சார்?" என்று கேட்டார்.

கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்று ஒரு பெண்மணி இருந்தார். சாவோ கிழக்கு தேசியப் பூங்காவை உருவாக்கிய வார்டன் டேவிட் ஷெல்ட்ரிக்கின் மனைவி. தாயை இழந்த யானைக்குட்டிகளை எடுத்து வளர்த்தவர். பசும்பால் யானைக்குட்டிக்கு ஆகாது, அதன் கொழுப்பை அந்த வயிறு ஏற்காது. ஒத்துக்கொள்ளும் ஒரு பால் கலவையைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல வருடம் பிடித்தது. அந்தப் பாலில் தேறிய குட்டி ஆயிஷா. டாஃப்னியை விட்டு ஓரடி நகராது. மூத்த மகளின் கல்யாணத்துக்காக டாஃப்னி கொஞ்ச நாள் வெளியே போக வேண்டிவந்தது. பால் இருந்தது, ஊட்டுவதற்கு ஆளும் இருந்தார்கள். ஆயிஷா ஏங்கியே செத்துப்போனது.

தப்பு யானையிடம் இல்லை, ஒரே ஆளோடு பழகவிட்டதில்தான் இருந்தது என்று டாஃப்னி புரிந்துகொண்டார். இன்றைக்கும் அங்கே குட்டியோடு இரவில் படுக்கும் காப்பாளர்கள் முறைவைத்து மாறிக்கொண்டே இருப்பார்கள். குட்டிக்கு ஒரு குடும்பம் வேண்டும், ஆனால் அந்தக் குடும்பம் ஒரே ஒரு முகமாக இருந்துவிடக் கூடாது.

அக்கா கதையை அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. விலங்குகளைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இந்தப் பாடம் மனப்பாடமாகத் தெரியும். அமெரிக்காவில் டெக்ஸ் என்று ஒரு ஊப்பிங் கிரேன் இருந்தது. அழிவின் விளிம்பில் இருந்த பெருங்கொக்கு இனம். மனிதர்கள் கையில் வளர்ந்ததால் தன்னையும் மனிதர் என்றே நினைத்துக்கொண்டது, ஆண் கொக்கைத் திரும்பியும் பார்க்காது. சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு வருடக்கணக்கில் அதனோடு இருந்து, கையை விரித்துக் குதித்து, கொக்கு மாதிரியே நடனமாடி முட்டையிட வைத்தார். செயற்கைக் கருவூட்டல்தான், ஆனாலும் ஆட்டம் இல்லாமல் முட்டை வராது. 1982இல் ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. பிற்காலத்தில், காட்டில் விட வேண்டிய குஞ்சுகளுக்கு மனித முகமே தெரியக் கூடாது என்று, தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை அங்கியும் கையில் கொக்குத் தலைப் பொம்மையுமாக வளர்க்கும் முறை வந்தது.

இவ்வளவும் தெரிந்தவர்கள், தாங்கள் பெற்று வளர்த்த நிறுவனத்தை மட்டும் தங்கள் முகத்துக்கே பழக்கிவைப்பார்கள். பணம் கொடுப்பவருக்கு அந்த முகம், வனத்துறை அதிகாரிக்கு அந்தக் குரல், ஏரியில் மீன் பிடிப்பவருக்கு அந்த மிதிவண்டி மணிச் சத்தம். எங்கள் ஐயாவைக் குறை சொல்லவில்லை. தொடங்கும்போது வேறு வழியே கிடையாது. பெயர் தெரியாத ஒரு அறக்கட்டளைக்கு யார் பணம் தருவார்கள்? அந்த மனிதருக்காகத்தான் தருவார்கள். ஆரம்பத்தில் பிழைக்கவைத்த அதே பழக்கம் 30 வருடம் கழித்து ஆளை மாற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

டாஃப்னி இந்த விஷயத்திலும் கெட்டிக்காரர் என்பது என் கணிப்பு. 1977இல் கணவர் இறந்ததும் அவர் நினைவாக அறக்கட்டளை ஆரம்பித்தார். 2001 முதலே பொறுப்பு மகள் ஆஞ்சலாவிடம் போய்விட்டது. டாஃப்னி இறந்தது 2018இல். நடுவில் 17 வருடம். இரவுக் காப்பாளர் மாதிரி நிறுவனமும் இரண்டாவது கைக்குப் பழகிக்கொள்ள அவ்வளவு அவகாசம். 2019இல் பெயரில் இருந்த 'டேவிட்' எடுக்கப்பட்டு, ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை ஆனது.

குடும்பத்திலேயே ஆள் இருந்தால்தான் இப்படி நடக்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் வாதாடினார். அப்படி ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜெரால்டு டரல் ஜெர்சித் தீவில் 1959இல் விலங்குக் காட்சிசாலையைத் திறந்து, 1963இல் அதை அறக்கட்டளையாக்கினார். சின்னமாக அவர் எடுத்துக்கொண்டது அழிந்தே போன டோடோ பறவையை. 1995இல் அவர் இறந்ததும் மனைவி லீ கௌரவ இயக்குநரானார். அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜெரமி மாலின்சன், காட்சிசாலை திறந்த 1959இலேயே வேலைக்குச் சேர்ந்தவர். குடும்பத்து ஆளும் இருந்தார், கூடவே வளர்ந்த ஆளும் இருந்தார், இருவருக்கும் தனித்தனி நாற்காலி. அறக்கட்டளைக்கு டரலின் பெயர் வந்ததுகூட அவர் போனபிறகு, 1999இல்தான்.

இதையெல்லாம் நான் அப்போது படித்தது ஒரு நல்ல காரியத்துக்காக இல்லை. சம்பளத் தகராறில் ஆதாரம் தேடித்தான் படித்தேன்.

ஐயாவும் அம்மாவும் ஒரு நாளும் சம்பளம் எடுத்ததில்லை. ஐயாவின் ஓய்வூதியத்தில் வீடு ஓடியது. டீசல் பல மாதம் சொந்தக் காசு. கணினி கெட்டால் அம்மா தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு ரசீதைக் கிழித்துப் போட்டுவிடுவார். நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் 'நிர்வாகச் செலவு' என்ற வரி இத்தனூண்டு இருக்கும். அதைத் தடித்த எழுத்தில் போட்டுப் பெருமைப்பட்டவன் நான்தான்.

அக்காவுக்குச் சம்பளம் போட வேண்டிவந்தது. அவருக்கு வாடகை இருக்கிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. நியாயமான ஒரு தொகையை எழுதியதும் அந்த வரி மூன்று மடங்கானது. முதல் கேள்வி ஒரு பழைய நன்கொடையாளரிடமிருந்து வந்தது: "ஐயா இருந்தவரைக்கும் எல்லாம் பறவைக்குப் போச்சு. இப்போ ஆளுக்குப் போகுதா?" கடிதத்தை அக்காவும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கோப்பில் வைத்தார்.

அந்த ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். செலவு கூடவே இல்லை. இத்தனை வருடம் இரண்டு பேர் மாதாமாதம் கொடுத்துவந்த மிகப் பெரிய நன்கொடை கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். அவர்கள் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டு, அதை வரவாகவும் செலவாகவும் குறிப்பில் காட்டியிருந்தால் எல்லோருக்கும் நிஜம் தெரிந்திருக்கும். தியாகம் என்று நினைத்து மறைத்துவைத்தோம். அந்தத் தியாகத்தின் அளவுகோலை வைத்து அடுத்து வந்தவரைப் பேராசைக்காரி ஆக்கிவிட்டோம். இப்படி ஒரு அறக்கட்டளையில் பொருளாளராக இருக்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இந்த வருடமே அந்தக் குறிப்பை எழுத ஆரம்பியுங்கள். தலைமை மாறுகிற வருடத்தில் எழுதினால் சாக்குச் சொல்வது போலவே இருக்கும்.

நில விஷயத்தில் நாங்கள் தப்பித்தோம். ஏரிக்கரை நிலம் ஆரம்பத்திலேயே அறக்கட்டளை பெயரில் பதிவாகியிருந்தது, அது அம்மாவின் பிடிவாதம். இது இல்லாமல் தடுமாறுகிற இடங்கள் நிறைய. நிலம் அப்பா பெயரில், ஜீப் மகன் பெயரில், இணையதளம் ஒரு மருமகனின் மின்னஞ்சலில். அறக்கட்டளைக்கு முதலாளி கிடையாது, போட்ட பணம் போட்டவருக்குச் சொந்தம் இல்லை, அறங்காவலர் காவல்காரர் மட்டுமே என்பதெல்லாம் சட்டத்தில் தெளிவாக இருக்கும். வீட்டுப் பேச்சில் அது 'நம்ம ஏரி'தான். கொக்கு அறக்கட்டளைகூட 1973இல் தொடங்கியது இன்னொரு நிறுவனரான ரான் சாவியின் பெற்றோருடைய குதிரைப் பண்ணையில்தான். வருட வாடகை 1 டாலர். ஒரு டாலர் என்றாலும் அது வாடகை. யார் நிலம், யார் குடியிருக்கிறார்கள் என்று அந்த ஒரு டாலர் சொல்லிவிடுகிறது. ரான் 1987இல் இளம் வயதிலேயே இறந்தார். ஆர்ச்சிபால்டு 2000ஆம் ஆண்டு தலைமையைத் தானாகவே இறக்கிவைத்துவிட்டு, கொக்கு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு நிறுவனர்கள் இரண்டு விதமாக விலகியபிறகும் அந்த இடம் நடக்கிறது.

எங்கள் சிக்கல் வீடு. ஐயா வீடு அறக்கட்டளை நிலத்தில், அலுவலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 30 வருடம் உழைத்தவர்களை இந்த வயதில் எங்கே போகச் சொல்வது? அதைப் பற்றிப் பேசும்போது ஐயாவையும் அம்மாவையும் அறையை விட்டு வெளியே இருக்கச் சொன்னோம். விதி அதுதான், தங்களைப் பற்றிய முடிவில் தாங்கள் உட்காரக் கூடாது. ஆனால் தான் செய்துகொடுத்த மேஜையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்க, தான் நட்ட மரத்தடியில் ஐயா காத்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு என்னால் சரியாகப் பேச முடியவில்லை. ஆயுள் முழுக்க இருக்கலாம், ஒரு சின்ன வாடகை, ஒரு எழுத்து ஒப்பந்தம் என்று முடிவாயிற்று. மூன்று கூட்டம் ஆனது அதற்கு.

பின்கதவைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. அதைப் பூட்டுவதற்கு அக்காவுக்கு மனசு வரவில்லை, எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் போனபோது கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு இரும்பு பீரோ. அம்மாதான் வேலைக்கு வந்த இரண்டு பையன்களை வைத்து நகர்த்திவைத்திருக்கிறார். "துணி வைக்க இடமில்லை" என்று காரணம் சொன்னார். அதற்கப்புறம் ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றால் வெளியே போய், சுவரைச் சுற்றி, முன்வாசல் வழியாக வர வேண்டும். படகுக்காரர் இரண்டு தடவை சுற்றினார். மூன்றாவது தடவை வெயிலுக்குப் பயந்து அக்காவிடமே கேட்டுவிட்டார். தலைமை மாற்றத்துக்காக நாங்கள் போட்ட அத்தனை தீர்மானங்களையும்விட அந்த பீரோ அதிகம் சாதித்தது.

சரி, இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அந்த வருடம் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஐயாவிடம் நான் ஒன்று சொல்லியிருந்தேன். "ஆறு மாதம் எதிலும் வாயே திறக்காதீங்க. உங்க குரல் கேட்டால் அவங்க பேச்சு எடுபடாது." எங்கேயோ படித்த அறிவுரை. அவர் தலையை ஆட்டினார், சொன்ன மாதிரியே இருந்தார்.

எங்கள் ஏரியில் நெடுங்கால் உள்ளான்கள் கூடு வைக்கும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, தண்ணீர் ஓரத்துச் சேற்று மேட்டில் நாலு குச்சி, அதன்மேல் சேற்று நிறத்திலேயே நாலு முட்டை. தண்ணீர் ஒரு சாண் ஏறினால் போதும், எல்லாம் போய்விடும். அந்த மாதங்களில் மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது ஐயாவின் தனி வித்தை. படித்துறையில் மேலிருந்து மூன்றாவது படி நனைகிறதா என்று பார்ப்பார், அப்புறம் மேற்கே வானத்தைப் பார்ப்பார், பிறகு மதகுச் சாவியை எடுத்துக்கொண்டு நடப்பார். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. அக்கா பதினைந்து வருடம் பறவைகளை எண்ணியவர். மதகை அவர் தொட்டதில்லை, தொட விட்டதும் இல்லை.

இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாவது படி நனைந்தது. ஐயா தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார். சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அக்கா போய் மதகைத் திறந்தபோது மேடு தண்ணீருக்குள் இருந்தது. தாய்ப்பறவைகள் மேலே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை ஐயாவும் வீட்டிலிருந்தே கேட்டிருப்பார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார்மேல் தப்பு என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. முட்டை முழுகும்போதுகூட வாக்குக் காப்பாற்றிய அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் கோபமும் இருந்திருக்கலாம். இருந்தால்தான் என்ன, மனிதர்தானே. ஆனால் 'வாயைத் திறக்காதீர்கள்' என்று சொன்ன நான், 'தலைக்குள் இருப்பதை முதலில் இறக்கிவையுங்கள்' என்று சொல்ல மறந்தேன். வாயை அடைத்ததோடு வித்தையையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

அழுது முடித்த மறுநாள் அக்கா ஒரு காரியம் செய்தார். சுவரைச் சுற்றி, முன்வாசல் வழியாக ஐயா வீட்டுக்குப் போனார். "வாங்க, கரையை ஒரு சுற்று சுற்றுவோம்" என்று கூப்பிட்டார். முழங்கால் வலியோடு ஐயா நடக்க, அக்கா கைபேசியில் பதிவு செய்துகொண்டே கூட நடந்தார். எந்த இடத்தில் கரை பலவீனம், எந்த மீனவருக்கும் எந்த மீனவருக்கும் பேச்சு இல்லை, எந்த அதிகாரியிடம் கடிதத்துக்கு முன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அப்படி 14 நடைகள். அக்கா அதையெல்லாம் எழுதி, கேள்விக்குறி போட்டு, திரும்பப் போய்க் கேட்டு, ஒரு தடித்த நோட்டாக்கினார். கேட்கிறவர் அக்கா, நேரம் குறிக்கிறவரும் அக்கா. நாங்கள் யாரும் யோசிக்காத வித்தியாசம் அதில் இருந்தது. ஐயா தானாக வந்து சொன்னால் அது உத்தரவு. அக்கா போய்க் கேட்டால் அது தகவல்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜில் 1946இல் நீர்ப்பறவை அறக்கட்டளையைத் தொடங்கிய பீட்டர் ஸ்காட் ஓர் ஓவியர். 1964இல் வீட்டு ஜன்னலுக்கு வெளியே குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் பெவிக் அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒவ்வொன்றின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் வெவ்வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தார். கவனித்ததோடு விடவில்லை, ஒவ்வொரு முகத்தையும் வரைந்து பெயர் வைத்தார். வீட்டில் எல்லோரும் அன்னங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகினார்கள். மகள் டாஃபிலா பிறகு அந்த அன்னங்களையே ஆராய்ந்தார். ஸ்காட் 1989இல் இறந்தார். அலகைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேலை நிற்கவில்லை, ஏனென்றால் அது காகிதத்துக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது.

எங்களிடம் ஓவியர் இல்லை, பெயின்ட் டப்பா இருந்தது. படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டு, சென்டிமீட்டர் கணக்கில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டு எண் எழுதினார்கள். மூன்றாவது படி இருக்கிற மட்டத்தில் ஒரு தடித்த சிவப்புக் கோடு. கோட்டைத் தண்ணீர் தொட்டால் யாராக இருந்தாலும் மதகைத் திறக்கலாம், இயக்குநரைக் கேட்க வேண்டாம். கோடு போடுகிற அன்றைக்கு ஐயாவைக் கூப்பிட்டார்கள். இரண்டு விரல் அளவு மேலே போட்டுவிட்டார்கள் என்று அழித்துத் திரும்பப் போடவைத்தார். அடுத்த பருவத்தில் உள்ளான்கள் அதே மேட்டுக்கு வந்தன.

போன மாதம் ஐயா எனக்குத் தொலைபேசியில் பேசினார். உடம்பு, மழை, என் பேத்தி என்று சுற்றிவிட்டு, "தண்ணி இப்போ எவ்வளவு நிக்குதாம்?" என்று கேட்டார்.

"அக்காகிட்டயே கேட்கலாமே" என்றேன்.

"நான் கேட்டால் ஏதோ சொல்ல வர்றேன்னு நினைப்பா. நீ கணக்குக்குக் கேட்கிற மாதிரி கேட்டுச் சொல்லு."

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு நொடி பேச்சில்லை, அப்புறம் சிரிப்புச் சத்தம். "கணக்குக்கு எதுக்கு சார் தண்ணி அளவு?" என்றார். எண்ணைச் சொன்னார், சிவப்புக் கோட்டுக்கு இன்னும் 22 சென்டிமீட்டர் இருக்கிறது. "ஐயாகிட்ட இன்னொண்ணும் சொல்லிடுங்க. அவர் ஜன்னலுக்கு நேராத் தெரியிற மாதிரிதான் கம்பத்தையே நட்டிருக்கோம். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்க."